நான்கடிப் பலகையில் துறைமுகம்

மட்டாஞ்சேரி,
5-6-1994

அன்புள்ள மாப்பிள்ளை பாண்டியராஜ் அவர்களுக்கு, மைத்துனன் செல்லதுரை எழுதுவது.

முதலில் என் கையெழுத்தை மன்னிக்க வேண்டும். வரி மேலே ஏறுகிறது, பிறகு கீழே இறங்குகிறது. ஒரு 'ழ'வுக்கு வால் போட்டு முடிப்பதற்குள் சாயா ஆறிவிடுகிறது. இந்தப் பக்கத்துக்கு மூன்று நாள் பிடித்தது. ஆனால் எழுதியது என் கை. யாரையும் கெஞ்சி எழுதி வாங்கவில்லை. சாக்ஷரதா என்ற எழுத்தறிவு வகுப்பில் மலையாளம் கற்றேன். அது போதவில்லை என்று தெருக்கோடி கமலாக்ஷி டீச்சரிடம் போய்த் தமிழும் கற்றேன். அறுபத்தாறு வயதில் இதை உங்களுக்கு எழுதுவதில் எனக்குள்ள சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

முட்டு வலி தவிர எனக்குக் குறையில்லை. மருமகள் ரஜிதா நேரத்துக்குச் சோறு போடுகிறாள். உங்கள் சர்க்கரை எப்படி? தங்கை காளியம்மாள் சுகமா? அவள் என் வாசலை மிதித்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. குடித்துவிட்டுக் கம்பெனி சரக்கு வேகனைக் காயல் தண்ணீரில் விட்ட அண்ணன் வீட்டுக்கு அவள் வரமாட்டாள். தெரியும். இருந்தாலும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

இங்கே ஒரு கல்யாணத்துக்கு வந்த உங்கள் ஊர் சங்கர்ராம், நீங்கள் ஓய்வு பெற்றபின் பொம்மை ரயில் கட்டுவதாகச் சொன்னார். அதுவும் நம் ஐலண்டுத் துறைமுக ஸ்டேஷனையும் அதை ஒட்டி நாம் வேலை பார்த்த கம்பெனி லைனையுமாம். நான்கடி நீளம், ஓரடி அகலப் பலகையிலாம். இங்கே பஜாரில் மிளகு காயவைக்கும் பாய் அதைவிடப் பெரிது மாப்பிள்ளை. நீங்கள் சாக்குக் கணக்கு எழுதிய குமாஸ்தா, ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகத் தண்டவாளம் பார்த்தவர். நான் அதன்மேல் நின்ற பாயிண்ட்ஸ்மேன். ரயில் எந்த லைனில் போகவேண்டும் என்று திருப்பிவிட்ட கை இது. தெரியாததைக் கேளுங்கள், சொல்கிறேன்.

இப்படிக்கு,
செல்லதுரை (நானே போட்ட கையெழுத்து)

*

போத்தனூர்,
27-6-1994

மச்சான் செல்லதுரைக்கு, பாண்டியராஜ் எழுதுவது. இங்கு க்ஷேமம்.

உம் கடிதத்தைப் படிக்க எனக்கு ஒரு மத்தியானம் வீணானது. கோழி கிளறிய குப்பை போல இருக்கிறது. இந்த வயதில் எதற்கு இந்தக் கஷ்டம்? ரஜிதாவிடம் சொன்னால் எழுதித் தரமாட்டாளா?

நான் கட்டுவது பொம்மை ரயில் அல்ல, மாதிரி ரயில். நிஜத்தில் ஓர் அடி என்றால் என் பலகையில் நான்கு மில்லிமீட்டர். எஞ்சின், வேகன், தண்டவாளம் எல்லாம் அந்தக் கணக்குதான். டிசம்பரில் கோவையில் எங்கள் சங்கத்தின் கண்காட்சி. நடுவர் வெங்கிடாசலம் ரயில்வேயில் பெரிய உத்தியோகத்தில் இருந்தவர். முதல் பரிசு எனக்குத்தான் என்று இப்போதே பேசிக்கொள்கிறார்கள்.

ஐலண்டில் ஆயிரம் அடி இருக்கும் இடத்தை அப்படியே செய்தால் பதின்மூன்று அடிப் பலகை வேண்டும். என் அறையில் நான்கடிக்கு மேல் இடமில்லை. எதை வைப்பது, எதை விடுவது, எதைச் சுருக்குவது என்பதில்தான் கலை இருக்கிறது. உமக்கு அது புரியாது. என் வரைபடத்தின் நகல் ஒன்று இத்துடன் இருக்கிறது. பிளாட்பாரத்தில் எத்தனை தூண், கிடங்குக் கதவின் நிறம் என்ன, காயலோரம் லைன் முடியுமிடத்தில் இருந்த தடுப்பு மரமா இரும்பா, இவ்வளவு மட்டும் எழுதினால் போதும். வேறு கதை வேண்டாம்.

காளியம்மாளிடம் சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை.

பாண்டியராஜ்

*

மட்டாஞ்சேரி,
17-7-1994

மதிப்புக்குரிய மாப்பிள்ளைக்கு, செல்லதுரை. இங்கே ஓயாத மழை, ஆனாலும் உடம்புக்கு ஒன்றுமில்லை. அங்கு இருவரும் நலமாக இருக்க வேண்டும்.

மழை விட்ட ஒரு காலையில் படகு ஜெட்டியில் போட் ஏறி ஐலண்டுக்குப் போனேன். தூண்களை எண்ணினேன். இருபத்திரண்டு. கதவு பச்சை. தடுப்பு மரம்தான், அதுவும் உளுத்த மரம். அது உங்களுக்குத் தெரியாதா என்ன?

ஒரு தமாஷ் கேளுங்கள். கம்பெனி மதிலில் மலையாளத்தில் ஏதோ எழுதியிருக்கும், ஞாபகம் உண்டா? பதினொரு வருஷம் தினமும் அதன் கீழேதான் நாங்கள் ஒதுங்குவோம். இப்போது எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'இங்கே மூத்திரம் பெய்யக் கூடாது.' நான் சிரித்த சிரிப்பில் வாட்ச்மேன் ஓடி வந்துவிட்டான்.

நான் காலால் எட்டு வைத்து அளப்பதைப் பார்த்து அவன், "எந்தா அண்ணாச்சி, ஸ்தலம் வாங்கான் வந்நதாணோ?" என்று, இடம் வாங்க வந்தேனா எனக் கேட்டான். "இல்ல சேட்டா, எங்க மாப்பிள்ள இத வாங்கி அலமாரிமேல வைக்கப் போறாரு" என்றேன். அவன் என் தலையில் வெயில் அடித்துவிட்டது என்று நினைத்திருப்பான். மழைக்காலத்தில்.

இனி உங்கள் வரைபடம். கமலாக்ஷி டீச்சரையும் கூட்டிவைத்துப் பார்த்தேன். காயலோரத்தில் ஒரு வேகன். அதன் பக்கத்திலேயே, தண்டவாளம் பிரியும் பாயிண்டைத் திருப்பும் கைப்பிடி. அதன் பக்கத்தில் தலைப்பாகை கட்டிய ஒரு குட்டி மனிதன், கீழே 'பாயிண்ட்ஸ்மேன்' என்று எழுத்து. அது நான்தானே? நான் என்றைக்கு மாப்பிள்ளை தலைப்பாகை கட்டினேன்? அது போகட்டும். கைப்பிடி கம்பெனி வாசல் கேட்டுப் பக்கம் அல்லவா இருந்தது! கேட்டுக்கும் காயலுக்கும் நடுவே கிடங்கு முழு நீளத்துக்கும் கிடக்கிறது. என் காலுக்கு இருநூற்றுப் பத்து எட்டு. அங்கே நின்றால் வேகன் கண்ணுக்கே தெரியாது. உங்கள் பலகையில் நான் ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் வேகனைத் தடவுகிறேன். நன்றாகச் சுருக்கினீர்கள்!

இப்படிக்கு,
தலைப்பாகை இல்லாத செல்லதுரை

*

போத்தனூர்,
2-8-1994

மச்சானுக்கு. க்ஷேமம். தூண் கணக்குக்கு நன்றி.

பாயிண்ட்ஸ்மேனை எங்கே நிறுத்தினால் என்ன? பார்க்கிறவனுக்கு அழகாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். கைப்பிடியைக் கேட்டில் வைத்தால் கிடங்கைச் சின்னதாக்க வேண்டும். கிடங்கு சின்னதானால் காட்சி கெடும். இதெல்லாம் படித்தவர்கள் யோசிக்க வேண்டிய விஷயம்.

நீர் எதற்கு இருநூற்றுப் பத்து எட்டு என்று அளந்துகொண்டிருக்கிறீர் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. பழைய விவகாரத்தை என் பலகைமேல் ஏற்ற வேண்டாம். நீர் வேகன் பக்கம் வந்ததாகவும், சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த கட்டையைக் குடிபோதையில் உருவியதாகவும் நீரே கொடுத்த வாக்குமூலம் இருக்கிறது. அதில் உம் விரல் ரேகை இருக்கிறது.

பாண்டியராஜ்

*

மட்டாஞ்சேரி,
20-8-1994

மாப்பிள்ளை அவர்களுக்கு, செல்லதுரை. ஓணம் நெருங்குகிறது, பஜாரில் கால் வைக்க இடமில்லை. எனக்கு ஜலதோஷம், வேறொன்றுமில்லை. உங்கள் சர்க்கரையைப் பற்றிக் கேட்டேன், பதில் இல்லை.

ரேகை என்னுடையதுதான். வேகன் காயலில் போன மூன்றாம் நாள், ஜெட்டி சாயாக்கடையில் அந்தத் தாளைக் கொண்டுவந்து, "மச்சான், இன்சூரன்ஸ்காரனுக்கு வேணும், ஒரு நாட்டு வச்சுருங்க" என்று நீங்கள்தான் சொன்னீர்கள். பழம்பொரியும் வாங்கிக் கொடுத்தீர்கள். தங்கையின் புருஷன் நீட்டிய தாள், வைத்தேன். பிறகு கம்பெனி என்னை அனுப்பியது. முனிசிபாலிட்டியில் துடைப்பம் எடுத்தேன், அதிலும் கௌரவமாகவே ஓய்வு பெற்றேன். இதற்கு மேல் நான் ஒன்றும் எழுதவில்லை. நான் வெறும் ரயில் விஷயம்தான் எழுதுகிறேன்.

ரயில் விஷயத்தில் நீங்கள் சுத்த சூன்யம். அந்தக் கைப்பிடி எப்படி வேலை செய்யும் என்று உங்களுக்கு இன்றுவரை தெரியாது என்பது படத்தைப் பார்த்ததும் புரிந்தது. அதில் ஒரு கனத்த இரும்புக் குண்டு மாட்டியிருக்கும். தூக்கிப் பிடித்தால் பாயிண்ட் இரண்டாம் லைனுக்குத் திரும்பும். கையை விட்டால் குண்டின் கனத்தில் தானாக விழுந்து பழைய லைனுக்கே போய்விடும். எஞ்சின் முழுதும் தாண்டும்வரை மூச்சைப் பிடித்துத் தூக்கிக்கொண்டே நிற்க வேண்டும். நீங்களோ ஏதோ குடைக்கம்பு மாதிரி ஒன்றை நட்டு வைத்திருக்கிறீர்கள். உங்கள் நடுவர் ரயில்வேக்காரர் என்றீர்களே. அவர் முதலில் அதைத்தான் பார்ப்பார். பார்த்துவிட்டு, 'இவர் அங்கே சாக்கு எண்ணியவர் போலிருக்கிறது' என்று சரியாகச் சொல்லிவிடுவார்.

செல்லதுரை

*

போத்தனூர்,
14-9-1994

மச்சானுக்கு. இங்கு எல்லோரும் க்ஷேமம். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது.

உம் கேலிக்காக அல்ல, என் திருப்திக்காக ஒரு பழைய ரயில்வேப் புத்தகத்தைத் தேடி எடுத்துப் பார்த்தேன். குண்டு விஷயம் சரிதான். குருட்டுப் பூனைக்கும் ஒரு கருவாடு கிடைக்கும் என்று வைத்துக்கொள்கிறேன்.

கைப்பிடியைக் கேட்டுக்கு மாற்றிவிட்டேன். கிடங்கை இரண்டு சாண் ஆக்கி நடுவில் நிறுத்தினேன். பார்த்தால் முன்பைவிட அழகாகவே இருக்கிறது. தூண்டிலில் மாட்டும் ஈயக் குண்டில் மிகச் சிறியதைப் பொறுக்கி, கைப்பிடியில் கோத்தேன். விரல்நுனியால் தூக்கினால் பாயிண்ட் திரும்புகிறது. விட்டால் 'டிக்' என்று விழுகிறது. கோவையில் ஒருவனிடமும் இப்படி ஒன்று கிடையாது. வெங்கிடாசலம் வாய் பிளந்து நிற்கப் போகிறார்.

ஞாயிற்றுக்கிழமை முழு ஓட்டம் பார்க்கப் போகிறேன். நான் கைப்பிடியைப் பிடிக்க, காளியம்மாள் எஞ்சினை ஓட்டுவாள். ஒரு குமிழைத் திருப்பினால் போதும், அவளுக்கே வரும்.

பாண்டியராஜ்

*

மட்டாஞ்சேரி,
25-9-1994

மாப்பிள்ளைக்கு, செல்லதுரை. சுகம், சுகமறிய ஆவல்.

குண்டு விழும் சத்தம் வரைக்கும் செய்துவிட்டீர்களா! இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக உங்களை மெச்சுகிறேன். இதுவே கடைசியாகவும் இருக்கலாம்.

காளியம்மாள் எஞ்சின் ஓட்டினாளா? பார்த்துவிட்டு என்ன சொன்னாள்? அதை மட்டும் எழுதுங்கள். வேறு எதுவும் எழுத வேண்டாம்.

செல்லதுரை

*

போத்தனூர்,
9-11-1994

செல்லதுரைக்கு.

வேலை அதிகம், அதனால் பதில் எழுதவில்லை. அந்தக் கைப்பிடி அடிக்கடி விழுந்து தொந்தரவு செய்தது. பசை வைத்து ஒட்டிவிட்டேன். இனி அசையாது. தேவையில்லாத நுணுக்கம். உம் பேச்சைக் கேட்டது என் தவறு.

இனி அளவுகள் ஒன்றும் வேண்டியதில்லை. கடிதமும் வேண்டியதில்லை.

பாண்டியராஜ்

*

போத்தனூர்,
20-11-1994

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கை காளியம்மாள் எழுதுவது. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? முட்டு வலிக்கு ரஜிதாவிடம் எண்ணெய் காய்ச்சித் தேய்க்கச் சொல்லுங்கள்.

நீங்கள் எழுதப் படிக்கக் கற்றதே எனக்குப் போன வாரம்தான் தெரியும். நீங்கள் கேட்டதாக இவர் ஒரு நாளும் என்னிடம் சொல்லவில்லை. உங்கள் கடிதங்கள் பசை டப்பாவுக்கு அடியில் கிடந்தன. எடுத்துப் படித்தேன். ஐந்தாம் வகுப்புவரை நான் படித்ததே நீங்கள் சாக்கு தூக்கியதால். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு உங்களுக்கு ஒரு வரி எழுதாமல் இருந்திருக்கிறேன்.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பலகைமுன் என்னை உட்காரவைத்தார். குமிழைத் திருப்பினேன், எஞ்சின் நகர்ந்தது. இவர் விரலால் கைப்பிடியைத் தூக்கிப் பிடித்திருந்தார். வேடிக்கையாக இருந்தது. "கையை எடுங்க, என்னா ஆகுதுன்னு பாப்போம்" என்றேன். எடுத்தார். எஞ்சின் பாதி வழியில் தடம் மாறிக் கவிழ்ந்துவிட்டது.

"எடுக்கக் கூடாதுடி. எஞ்சின் முழுசும் தாண்டற வரைக்கும் பாயிண்ட்ஸ்மேன் கைய எடுக்கவே கூடாது. எடுத்தா தொலஞ்சான்" என்று சிரித்தார்.

அண்ணா, அன்றைக்கு நான் அங்கே இருந்தேன். உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. இவருக்குச் சோற்றுத் தூக்குடன் போட்டில் வந்தேன். கேட்டு சாத்தியிருந்தது. என் மூக்குக்கு நேரே எஞ்சின் இரண்டாம் லைனுக்குத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் காயலில் வேகன் விழுந்த சத்தமும் கூச்சலும் கேட்டது. எஞ்சின் தாண்டிய பிறகுதான் கேட்டைத் திறந்தார்கள். எஞ்சினுக்கு அந்தப் பக்கம் நீங்கள் நின்றது எனக்குத் தெரியவில்லை. நீங்கள் கைப்பிடியை விட்டுவிட்டு வேகன் பக்கம் போய்விட்டீர்கள் என்று இவர் சொன்னார், நம்பினேன். கைப்பிடி என்றால் கதவுத் தாழ்ப்பாள் மாதிரி, திருப்பிவிட்டுப் போகலாம் என்று நினைத்திருந்தேன்.

"அப்போ அன்னைக்கு அண்ணன் கைய எடுக்கலையே. எஞ்சின் ஒழுங்காத்தானே என் முன்னாடி போச்சு" என்றேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. "பழைய கதைய எதுக்குக் கிளர்றே" என்று எழுந்து போனார். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தேன். கைப்பிடியை ஒட்டி வைத்திருந்தார். பசை காயவில்லை, என் விரலில் ஒட்டிக்கொண்டது. ஒட்டாமல் விட்டிருந்தால்கூட நான் என் கணக்குத் தப்பு என்று சும்மா இருந்திருப்பேன்.

இரண்டு மாதம் தினமும் ஒரே கேள்வி கேட்டேன். "சாக்கு தூக்குற சுமடுகாரங்க எல்லாம் சாப்பிடப் போயிருந்தாங்க. வேகன் பக்கத்துல சாக்கு எண்ணிக்கிட்டு நின்னது நீங்க ஒருத்தர்தான். கட்டைய உருவினது யாரு?" போன திங்கட்கிழமை சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, தட்டைப் பார்த்தபடி, "வேகன் கதவு கிடங்குக் கதவுக்கு நேரா வர ரெண்டடி நகந்தா போதும்னு நெனச்சேன். சீக்கிரம் எண்ணி முடிச்சா பன்னண்டு மணி போட்டுக்குப் போயிடலாம்னு பாத்தேன்" என்றார். சொல்லிவிட்டு ரசம் கேட்டார், அண்ணா. ரசம்!

நான் சோற்றுத் தூக்குடன் வருவது தெரிந்தும் அவர் போட்டைப் பிடிக்க நினைத்திருக்கிறார். இப்பேர்ப்பட்ட ஆளுக்காக நான் உங்கள் வாசலை மிதிக்கவில்லை.

வியாழக்கிழமை வருகிறேன். ஸ்டேஷனுக்கு வரவேண்டாம், முட்டு வலியோடு அலைய வேண்டாம். வீடு எனக்குத் தெரியும்.

காளியம்மாள்

*

மட்டாஞ்சேரி,
18-12-1994

மாப்பிள்ளை பாண்டியராஜ் அவர்களுக்கு, செல்லதுரை எழுதுவது. நாங்கள் எல்லோரும் சுகம். நாங்கள் என்றால் காளியம்மாளும் சேர்த்துத்தான். நீங்கள் தனியாக இருப்பதால் சர்க்கரையைக் கவனித்துக்கொள்ளுங்கள். ஊறுகாய் பரணில் இரண்டாவது ஜாடியில் இருக்கிறதாம். இதைச் சொல்லச் சொன்னது அவள் அல்ல, அவள் ரஜிதாவிடம் சொன்னதை நான் கேட்டு எழுதுகிறேன்.

வந்த அன்று வாசலிலேயே நின்றாள். "உள்ள வரலாமா அண்ணா?" என்றாள். "செருப்ப வெளிய விட்டுட்டு வா, ரஜிதா இப்பத்தான் தொடச்சா" என்றேன். இப்போது அவளும் ரஜிதாவும் மீன் கறிக்குக் குடம்புளியா வாளம்புளியா என்று தினமும் சண்டை போடுகிறார்கள். கப்பைக் கிழங்கை மட்டும் இரண்டு பேரும் ஒற்றுமையாகத் தின்கிறார்கள்.

"ஏன் அன்னைக்கே எங்கிட்டச் சொல்லல?" என்று கேட்டாள். அப்போது அவள் மடியில் மூன்று மாதக் குழந்தை இருந்தது. நான் சொல்லியிருந்தால் அவள் உங்களை விட்டு வந்திருப்பாள், இல்லையென்றால் என்னை நம்பாமல் இருந்திருப்பாள். இரண்டும் எனக்கு வேண்டாம் என்று இருந்தது. நான் பேசாமல் இருந்தது உங்கள்மேல் உள்ள மரியாதையால் என்று இத்தனை நாள் நினைத்திருந்தீர்களானால், அந்த நினைப்பை இன்றோடு விட்டுவிடுங்கள்.

கண்காட்சியில் உங்களுக்கு மூன்றாம் பரிசு என்று சங்கர்ராம் எழுதியிருக்கிறார். போட்டிக்கு வந்ததே நான்கு பலகைதானாம். 'குண்டு இருக்கிறது, கைப்பிடி ஏன் அசையவில்லை?' என்று நடுவர் எல்லோர் முன்பும் கேட்டாராம். நீங்கள் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தீர்களாம். நல்ல ரயில்வேக்காரர். எனக்கு அவரைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது.

காளியம்மாளிடம் சோற்றுக்கு முன் வாயால் சொன்னது போதாது மாப்பிள்ளை. வாயால் சொன்னதை நாளைக்கு இல்லை என்பீர்கள். தாளில் எழுதியதற்கு என்ன மதிப்பு என்று எனக்குக் காட்டியவரே நீங்கள்தானே. எனக்கு ஒரே ஒரு வரி வேண்டும். 'அன்று கட்டையை உருவியது நான், செல்லதுரை அல்ல.' கீழே உங்கள் கையெழுத்து, தேதி. கம்பெனியே மூடியாகிவிட்டது, இதை வைத்து உங்களை யாரும் ஒன்றும் செய்யப் போவதில்லை. வந்ததும் நான் அதை எழுத்துக் கூட்டி உரக்கப் படிக்க வேண்டும். காளியம்மாள் உட்கார்ந்து கேட்க வேண்டும். அதற்குப் பிறகு அவள் போத்தனூருக்கு வருவதும் வராததும் அவள் இஷ்டம். நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

"அந்த ஆளுக்கு எழுதித் தாள வீணாக்காதீங்கண்ணா" என்கிறாள். அவளுக்குத் தெரியாது, எனக்கு எழுதுவதைப் போல இன்பம் வேறு இல்லை. இந்தக் கடிதத்துக்கு இரண்டே நாள்தான் ஆனது, பார்த்தீர்களா? கை பழகிவிட்டது.

ஆனால் உறைக்கு வீண் செலவு என்று அவள் சொல்வதில் நியாயம் உண்டு. அதனால் தபாலாபீசில் ஐம்பது கார்டு வாங்கி வைத்திருக்கிறேன். கார்டு என்றால் தபால்காரர் படிப்பார், உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் படிப்பார், சங்கத்து ஆட்கள் வந்தால் மேஜையிலிருந்து எடுத்துப் படிப்பார்கள். என் கையெழுத்து கோணல் என்றாலும் இப்போது எல்லோருக்கும் புரிகிறது என்று கமலாக்ஷி டீச்சர் சொல்கிறார்.

முதல் கார்டு அடுத்த வாரம் எழுதுகிறேன்.

செல்லதுரை